கதவைத் திறக்க எத்தனை அனுமதி

அந்த ஹோட்டலின் வரவேற்பு மேசையில் இருந்தவளுக்குப் 'பூட்டு' என்று பெயர் வைத்தது சமையற்கட்டு ஆட்கள்தான். காரணம் இல்லாமல் இல்லை. எந்த அறையில் யார் இருக்கிறார்கள், எப்போது வந்தார்கள், யாரோடு வந்தார்கள் என்று கேட்டால் அவள் வாயிலிருந்து காற்றுகூட வெளியே வராது. ஒருமுறை ஒரு பெரிய மனிதர் தன் தொழில் கூட்டாளியைத் தேடிக்கொண்டு வந்து, முதலில் சிரித்துப் பார்த்தார், பிறகு மிரட்டிப் பார்த்தார், கடைசியில் மேசை மேல் தலையைக் கவிழ்த்து அழுதே பார்த்துவிட்டார். அவள் தண்ணீர் கொடுத்தாள், முகம் துடைக்கக் காகிதம் கொடுத்தாள், அறை எண்ணை மட்டும் கொடுக்கவில்லை.

அதில் ஒரு நுணுக்கமும் வைத்திருந்தாள். 'இருக்காங்க' என்றும் சொல்ல மாட்டாள், 'இல்லை' என்றும் சொல்ல மாட்டாள். பொய் சொன்னால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு திரிய வேண்டும், யாரால் முடியும் என்பது அவள் கட்சி. வருகிற விருந்தினரிடம்கூட அறை எண்ணை வாய்விட்டுச் சொன்னதில்லை. சின்னக் காகிதத்தில் எழுதி, மடித்து, மேசை மேல் நகர்த்துவாள். பக்கத்தில் நிற்கிறவர் காதுக்கு அந்த எண் போகக் கூடாது. யாரும் பாராட்டாத இந்த ஒழுங்கில் அவளுக்கு அப்படி ஒரு பெருமை.

அப்படிப்பட்டவள்தான் கோட்டை விட்டாள்.

மேனேஜர் ஒரு நாள் கதவு அட்டைகளையெல்லாம் வாரிப் பெட்டியில் போட்டுவிட்டு, "இனிமே போன்தான் சாவி" என்று அறிவித்தார். விருந்தினர் வந்ததும் ஹோட்டலின் செயலியைப் போனில் ஏற்றிக்கொள்ள வேண்டும். போனைக் கதவருகே கொண்டுபோனால் கதவு திறக்கும். ஏற்றும்போது அந்தச் செயலி வரிசையாகக் கேள்வி கேட்கும்: நீங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கலாமா, தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, மைக் வேண்டும், படங்கள் வேண்டும் என்று. "எல்லாத்துக்கும் சரின்னு போடச் சொல்லுங்க. இல்லன்னா கதவு திறக்காது" என்றார் மேனேஜர். பூட்டும் அதைக் கிளிப்பிள்ளை மாதிரி சொல்லத் தொடங்கினாள். "வர்ற கேள்விக்கெல்லாம் சரின்னு அழுத்திடுங்க சார், இல்லன்னா கதவு திறக்காது." கதவு உண்மையில் திறக்காதா என்று ஒரு நாளாவது சோதித்துப் பார்த்தாளா? இல்லை. மனிதர்கள் கேட்டால் பிடி கொடுக்காதவள், ஒரு போன் கேட்டதும் ஊரையே தலையாட்ட வைத்தாள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

உறைக்க வைத்தது அந்த ஜோடிதான்.

மத்தியான வெயிலில் இரண்டு பேர் வந்தார்கள். ஆண் ஓய்வுபெற்ற நில அளவையர். எழுபதைத் தாண்டியும் முதுகு வளையவில்லை. உள்ளே வந்தவர் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "வாசல்லேர்ந்து மேசை வரைக்கும் தரை லேசா சாயுது, தெரியுமாம்மா?" என்றார். கூட வந்த பெண்மணிக்கு அறுபத்தைந்து இருக்கும். ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுத்து ஓய்வு பெற்றவர். ஆளை ஒருமுறை பார்த்தால் உள்ளே இருக்கும் எலும்பு வரைக்கும் தெரிந்துகொண்ட மாதிரி ஒரு பார்வை.

"இன்னைக்கு ரெண்டு ரூம்" என்றார் எக்ஸ்ரே அம்மா. "நாளைக்கு ஒண்ணு போதும்."

பூட்டு இமைகூட அசைக்கவில்லை. மனசுக்குள் மட்டும் ஒரு விசில் அடித்தாள்.

"பதிவு அலுவலகம் இங்கேர்ந்து நடக்கிற தூரம்தானேம்மா?" என்று சர்வேயர் கேட்டபோது, மீதியும் தெரிந்துவிட்டது: பதிவுக் கல்யாணம்.

அறைகளை அவரே போன் பண்ணித்தான் பதிவு செய்திருந்தார், மின்னஞ்சல் எதுவும் கொடுக்கவில்லை. மனிதர் யோசித்துத்தான் கிளம்பியிருந்தார். "எம் பையன் இந்தப் போன்ல ஒண்ணு போட்டு வச்சிருந்தான். நான் எந்தத் தெருவுல நிக்கிறேன்னு அங்கேர்ந்தே பார்ப்பான். பாசம்தான், இல்லேங்கல. ஆனா இன்னைக்கு அதை நானே நிறுத்திட்டு வந்துட்டேன். இப்ப நான் எங்க இருக்கேன்னு எனக்கும் இவங்களுக்கும்தான் தெரியும்" என்று சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்ட பையன் மாதிரி சிரித்தார்.

பூட்டும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே செயலியை ஏற்றிக் கொடுத்து, "வர்ற கேள்விக்கெல்லாம் சரின்னு அழுத்திடுங்க சார்" என்றாள். அவர் அழுத்தினார். சரி, சரி, சரி, சரி. எக்ஸ்ரே அம்மாவிடம் இருந்தது பட்டன் போன். அவருக்குப் பெட்டியிலிருந்து பழைய அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

சாயங்காலம் ஒருவர் வேகமாக உள்ளே வந்தார். நாற்பது வயசு, மடிப்புக் கலையாத சட்டை. வந்ததும் சர்வேயரின் பெயரைச் சொல்லி, "எந்த ரூம்?" என்றார்.

"இங்க யார் தங்கியிருக்காங்கன்னு நாங்க சொல்றதில்ல சார்."

"நான் அவரோட மகன். பல் டாக்டர். திருடன் இல்ல."

"யாரா இருந்தாலும் சொல்றதில்ல சார். உக்காருங்க, தண்ணி கொண்டுவரச் சொல்றேன்."

"நீங்க சொல்ல வேண்டாம் மேடம். உங்க ஹோட்டலே சொல்லிடுச்சு" என்று அவர் தன் போனை மேசை மேல் வைத்துத் திருப்பினார்.

பூட்டு படித்தாள். 'நல்வரவு! இப்போதுதான் எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்திருக்கிறீர்கள். உங்கள் இரண்டு அறைகளும் தயாராக இருக்கின்றன.' கீழே ஹோட்டலின் பெயர், தெரு, போன் எண். சர்வேயருக்கு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கிக் கொடுத்தவரே இந்த மகன்தான், அதற்கு வருவதெல்லாம் இவர் போனுக்கும் வரும். மேசையில் கொடுக்காத முகவரியைச் செயலி போனுக்குள்ளிருந்தே எடுத்திருக்கிறது. ஆள் எங்கே இருக்கிறார் என்பதையும் அதுவே பார்த்திருக்கிறது. இரண்டுக்கும் 'சரி' போடச் சொன்னது யார்?

அவள் போனை அவர் பக்கமே திருப்பி நகர்த்தினாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, அது பழக்கம்.

"ரெண்டு ரூம்" என்றார் பல் டாக்டர். "எங்கப்பாவுக்கு எதுக்கு ரெண்டு ரூம்? யாரு கூட வந்திருக்கார்? அவரோட இடம் காலைலேர்ந்து தெரியல. நான் பயந்தே போயிட்டேன். யாராவது அவரை ஏமாத்தி எங்கயாவது கையெழுத்து வாங்குறாங்களோன்னு..."

"எனக்குப் புரியுது சார்."

"புரியுதுன்னா சொல்லுங்க."

"புரியறது வேற, சொல்றது வேற சார்."

அவர் அவளையே பார்த்தார். அவளும் பார்த்தாள். பிறகு அவர் சட்டென்று, "சரி, எனக்கு ஒரு ரூம் குடுங்க" என்றார்.

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. காலி அறை இருக்கும்போது வந்தவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? பதிவு செய்தாள். எந்த மாடி என்பதை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்தாள். செயலியை ஏற்றச் சொல்லும் நேரம் வந்தது. "வர்ற கேள்விக்கெல்லாம்..." என்று வாய் தன் பாட்டில் ஆரம்பித்தது. அங்கேயே நின்றது. எதற்குச் 'சரி', எதற்கு 'வேண்டாம்' என்று அவளுக்கே தெரியவில்லை என்பது அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது. பேசாமல் பெட்டியிலிருந்து இன்னொரு பழைய அட்டையை எடுத்து, காகிதத்தில் எண்ணை எழுதி, மடித்து நகர்த்தினாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் போன், எனக்கு மட்டும் அட்டையா?"

"அந்தச் செயலி கேக்குறதையெல்லாம் குடுக்கச் சொல்லி இத்தனை நாள் நான்தான் சொல்லிட்டிருந்தேன் சார். அது தப்புன்னு இப்பதான் புரிஞ்சது. உங்ககிட்டயும் அதே தப்பைப் பண்ண மாட்டேன்."

அவர் அறைக்குப் போகவில்லை. லிப்டுக்கு நேரெதிரே இருந்த சோபாவில் உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்தவர், "உங்களுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"ஒரு பொண்ணு. வெளியூர்ல வேலை."

"அவ எங்க இருக்கான்னே தெரியலைன்னா உங்களுக்குச் சோறு இறங்குமா?"

மகள் வேலைக்குக் கிளம்பிய அன்று, ரயில் நடைமேடையிலேயே அவள் போனை வாங்கி, இடம் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தவள்தான் இவள். மகளும் மறுப்பில்லாமல் 'சரி' அழுத்தினாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வரைபடத்தைத் திறந்து, மகளின் சின்ன வட்டப் படம் விடுதிக்குள் போய் நின்றதைப் பார்த்த பிறகுதான் இவளுக்கு டீ தொண்டையில் இறங்கும். அன்றைக்கும் பார்த்தாகிவிட்டது.

பிள்ளை விஷயத்தில் மாட்டிக்கொண்டாலும் தொழில் விஷயத்தில் அவளுக்கு வார்த்தை இருந்தது. "சார், உங்ககிட்ட ஒரு அம்மா பல்செட் கட்டிக்கிறாங்க. மறுநாள் அவங்க மருமகன் வந்து, எங்க அத்தை வாயில எத்தனை பல் சொந்தம்னு கேக்குறார். பாசமாத்தான் கேக்குறார். சொல்வீங்களா?"

பல் டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். "அது வேற" என்றார்.

"எல்லாருக்கும் அவங்கவங்களோடது வேறதான் சார்" என்று சொல்லிவிட்டு அவள் பின்பக்க வழியாக மேலே போனாள்.

சர்வேயரின் அறையில் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பூட்டு சுற்றி வளைக்கவில்லை. நின்றபடியே சொன்னாள். "சார், நீங்க இங்க இருக்கீங்கன்னு உங்க மகனுக்குத் தெரிஞ்சுபோச்சு. எங்க செயலி மெயில் அனுப்பியிருக்கு. உங்களைச் சரி போட வச்சது நான். தப்பு என்னோடது. அவர் வந்து கேட்டார், நான் எதுவும் சொல்லல."

"இப்ப எங்க அவன்?"

"அதை நான் சொல்லக் கூடாது சார்."

எக்ஸ்ரே அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப இங்கதான் ரூம் எடுத்திருக்கார்" என்றார். பூட்டு வாயைத் திறக்கவில்லை. இந்த அம்மாவிடம் வாயை மூடினாலும் பயனில்லை போலிருக்கிறது.

எக்ஸ்ரே அம்மா பொறுமையாகச் சொன்னார். "நான் ஏற்கெனவே சொல்லிட்டேன் சர்வேயரே. இந்த வயசுல நான் யாரோட பிள்ளைங்ககிட்டயும் கத்தவும் மாட்டேன், திட்டு வாங்கவும் மாட்டேன். ஒரு சத்தம் வந்தாலும் நான் என் பெட்டியைத் தூக்கிட்டுப் போயிட்டே இருப்பேன். கோவம் இல்ல. எனக்கு அவ்வளவுதான் தெம்பு."

சர்வேயரின் முதுகு முதல்முறையாகக் கொஞ்சம் வளைந்தது. "அவன் நல்ல பையன்" என்றார் பூட்டிடம். "ஆனா முன்னாடி சொன்னேன்னு வச்சுக்கோ, அது அனுமதி கேட்ட மாதிரி. முடிச்சுட்டுச் சொன்னா, சேதி சொன்ன மாதிரி. எனக்குச் சேதி சொல்லணும்மா. என் வாயால. அவங்கம்மா போனப்புறம் நான் அவனுக்குச் சொன்னதெல்லாம் மாத்திரை தீர்ந்துபோச்சு, முட்டி வலிக்குதுங்கிற கணக்குதான். ஒரு நல்ல சேதி சொல்லி எவ்வளவு நாளாச்சு! அதையும் போன் சொல்லிட்டா நான் எதுக்கு?"

தன்னால் ஒரு மனிதரின் கல்யாணம் நின்றுபோகும் என்று பூட்டு கனவிலும் நினைக்கவில்லை. ஆனால் உட்கார்ந்து வருத்தப்படுகிற ரகமில்லை அவள்.

"காலைல நீங்க இங்கேர்ந்து வெளிய போக வழி இருக்கு, அதை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். "சிக்கல் போன்தான். போன வாரம் ஒருத்தர் பூங்காவுக்கு நடக்கப் போனார். 'பூங்கா அருகே இருக்கிறீர்கள், திரும்பி வர வண்டி வேண்டுமா'ன்னு அவருக்கு மெயில் வந்துச்சு. எங்களுக்கெல்லாம் அது ஒரு தமாஷ். நாளைக்கு உங்களுக்கும் வரும் சார். 'பதிவு அலுவலகம் அருகே இருக்கிறீர்கள்'னு."

"போனை இங்கயே வச்சுட்டுப் போறேன்."

"அங்க முறை வர்றப்ப எண் உங்க போனுக்குத்தான் வரும்னு சொன்னீங்களே" என்றார் எக்ஸ்ரே அம்மா.

"அப்ப அந்தச் செயலியை அழிச்சுடலாம்."

"அழிச்சா கதவு திறக்காது" என்று பூட்டு ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டாள். திறக்காது என்று சொன்னது யார்? மேனேஜர். மேனேஜருக்குச் சொன்னது யார்? தலைமை அலுவலகம். கதவைக் கேட்டது யார்? யாருமில்லை. "அட்டை குடுத்துடலாம் சார், ஆனா மத்தவங்களுக்காகவும் எனக்கு இது தெரியணும். எந்திரிங்க, கதவையே கேட்டுடலாம்."

எக்ஸ்ரே அம்மா அறைக்குள் நின்றார், வெளியே மாட்டிக்கொண்டால் திறந்துவிட. மற்ற இருவரும் நடையில் நின்றார்கள். போனின் அமைப்புகளுக்குள் போய் அந்தச் செயலியின் பெயரைத் தொட்டதும், அதற்குக் கொடுத்த அனுமதிகள் வரிசையாக வந்தன. பூட்டுக்கே மலைப்பாக இருந்தது. முதலில் தொடர்பு எண்களை அணைத்தார் சர்வேயர். போனைக் கதவருகே நீட்டினார். பச்சை விளக்கு, ஒரு சின்ன 'டக்'. கதவு திறந்தது.

"ஒண்ணு போச்சு" என்று உள்ளேயிருந்து எக்ஸ்ரே அம்மா கதவைச் சாத்தினார்.

மைக்கை அணைத்தார். டக். படங்களை அணைத்தார். டக். ஒவ்வொரு முறையும் சர்வேயர் நிலத்தில் கல் நட்டு அளக்கிறவர் மாதிரி ஒரு அடி பின்னால் போய், முன்னால் வந்து, கையை ஒரே உயரத்தில் நீட்டினார். நடையின் கோடியில் லிப்டு மணி அடித்தது. மூன்று பேருக்கும் மூச்சு நின்றது. துண்டுகள் அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு சலவைப் பகுதி அக்கா வந்தாள். மூடிய கதவுக்கு முன்னால் நின்று பூட்டும் ஒரு தாத்தாவும் விளையாடிக்கொண்டிருப்பதைப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். பூட்டோடு வேலை பார்த்துப் பழகிய ஆள்.

அடுத்து வந்ததைச் சர்வேயர் வாய்விட்டுப் படித்தார். "மற்ற நிறுவனங்களின் செயலிகளிலும் வலைத்தளங்களிலும் உங்கள் நடவடிக்கைகளைப் பின்தொடர அனுமதி." நிமிர்ந்தார். "இது எதுக்கும்மா? நான் வேற கடைக்குப் போனாலும் உங்க ஹோட்டல் பின்னாடியே வருமா?"

"அதானா!" என்றார் உள்ளேயிருந்து எக்ஸ்ரே அம்மா. "மத்தியானம் இவர் போன்ல ஒரு தடவைதான் மோதிரம் பார்த்தார். அதுக்கப்புறம் எதைத் திறந்தாலும் மோதிரம், தேனிலவு, மலைமேல ரெண்டு பேருக்குத் தொட்டிக்குளியல். எனக்கே வெட்கமாப் போச்சு." கதவைத் திறந்து தலையை நீட்டினார். "கை உடைஞ்சு வர்றவங்களுக்கு நான் கையை மட்டும்தான் படம் எடுப்பேன். வந்ததே வந்தீங்கன்னு ஆளை முழுசா எடுத்து நாலு பேருக்கு அனுப்பியிருந்தா என்னை ஒரு நாள் வேலையில வச்சிருப்பாங்களா?"

பின்தொடர்வதை அணைத்தார். டக். கடைசியாக, இருக்கும் இடம். 'எப்போதும்' என்று இருந்தது. 'ஒருபோதும் வேண்டாம்' என்று மாற்றினார். மூன்று பேரும் பச்சை விளக்கையே பார்த்தார்கள். டக்.

கதவு திறந்தது. எல்லாவற்றையும் பறித்த பிறகும் அது சாதுவாகத் திறந்தது.

ப்ளூடூத்தை அணைத்தபோதுதான் கதவு சண்டித்தனம் பண்ணியது. திரும்பப் போட்டார்கள், திறந்தது. அவ்வளவுதான், கதவுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கதவின் பெயரைச் சொல்லி யாரோ கேட்டு வாங்கியது. செயலியில் ஒட்டிக்கொண்டிருந்த மின்னஞ்சல் முகவரியையும் சர்வேயர் கழற்றி எறிந்தார். பூட்டுக்கு முகம் சூடேறியது. எத்தனை பேரை, எத்தனை மாதமாக!

"விடும்மா" என்றார் எக்ஸ்ரே அம்மா, அவள் முகத்தைப் படித்துவிட்டு. "வந்து சொன்னே பாரு, அது போதும்."

மறுநாள் காலை பல் டாக்டர் லிப்டுக்கு எதிரே அதே சோபாவில் இருந்தார். சட்டை கசங்கியிருந்தது, கண் சிவந்திருந்தது. அவர் லிப்டைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சர்வேயரும் எக்ஸ்ரே அம்மாவும் சாமான் லிப்டில் இறங்கி, சலவைப் பகுதியின் ஆவிக்குள் புகுந்து, காயப் போட்ட படுக்கை விரிப்புகளை விலக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போயாகிவிட்டது. பூட்டு மேசையில் நின்று கணினியைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்ன தட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அவள் காதெல்லாம் பல் டாக்டரின் போனில் இருந்தது. அது மணி அடித்து ஏதாவது மெயில் வந்தால் எல்லாம் போச்சு.

வெகுநேரம் அது பேசாமல் இருந்தது.

பிறகு அடித்தது. மெயில் இல்லை, அழைப்பு. அவர் துள்ளி எழுந்து காதில் வைத்தார். "அப்பா!"

மறுமுனையில் பேசியது பூட்டுக்குக் கேட்கவில்லை. ஆனால் குரலின் குதூகலம் மட்டும் மேசை வரைக்கும் வந்தது. நில அளவையில் இருந்தவர்களுக்குத் தொண்டை பெரிசு. பல் டாக்டரின் முகம் முதலில் இறுகியது, பிறகு குழம்பியது, பிறகு என்னவோ ஆகி, சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்துவிட்டார். மெல்ல நிமிர்ந்து பூட்டைப் பார்த்தார். அவள் முகம் கதவு மாதிரியே இருந்தது.

"எங்கடா இருக்கே?" என்று அப்பா கேட்டிருக்க வேண்டும்.

பல் டாக்டர் ஒரு நொடி தயங்கினார். 'உங்களைப் பிடிக்க நேத்தே வந்துட்டேன்' என்று சொல்லியிருக்கலாம். சொல்ல உரிமையும் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"கிளினிக்லதான்பா இருக்கேன்" என்றார். "நீங்க எங்க இருக்கீங்கன்னு சொல்லுங்க, வரேன்."

பூட்டு தலையைக் குனிந்துகொண்டாள். அழுகை வந்தால் மேசைக்குக் கீழே வரட்டும்.

போனை வைத்துவிட்டு அவர் மேசைக்கு வந்தார். "இங்கதான் வரச் சொல்றார். கிளினிக்லேர்ந்து இங்க வர ஒரு மணி நேரம் ஆகும்" என்றார், தனக்குத்தானே கணக்குப் போட்டபடி. "மேடம், பின்னாடி ஏதாவது வழி இருக்கா?"

"இருக்கு சார்."

"எனக்குத் தெரியும், இருக்கும்னு" என்று சொல்லி, முதல்முறையாகச் சத்தமாகச் சிரித்தார்.

அந்த ஒரு மணி நேரத்தையும் பல் டாக்டர் சலவைப் பகுதியில் பிளாஸ்டிக் நாற்காலியில் கழித்தார். "கல்யாண வீட்டுக்கு இப்படியா போவீங்க?" என்று அக்கா அவர் சட்டையைப் பிடுங்கித் தேய்க்க, அவர் ஹோட்டல் குளியலங்கியோடு துண்டு மலைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். இதற்குள் முன்வாசல் வழியாக, தரை சாய்வைப் பற்றி எதுவும் சொல்லாமல், புதுமாப்பிள்ளை உள்ளே வந்தார். எக்ஸ்ரே அம்மா மேசையில் அட்டையைத் திருப்பி வைத்தார். "ஒண்ணு போதும்" என்றார்.

நேரம் ஆனதும் பல் டாக்டர் பின்வாசல் வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றி, மூலையில் பூங்கொத்து வாங்கிக்கொண்டு, முன்வாசல் வழியாக மூச்சிரைக்க வந்தார். மூச்சிரைப்பு நடிப்புதான், ஆனால் நன்றாகவே நடித்தார்.

"வணக்கம் சார்" என்றாள் பூட்டு. "யாரைப் பார்க்கணும்?"

"எங்கப்பாவை. எங்கப்பாவையும் அம்மாவையும்." அந்தச் சொல் வாயில் கொஞ்சம் இடறியது. பரவாயில்லை, பழகிவிடும்.

"ஒரு நிமிஷம் சார், கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவள் அறைக்கு போன் போட்டாள். "உங்களைப் பார்க்க ஒருத்தர் வந்திருக்கார் சார். அனுப்பலாமா?"

"அனுப்பும்மா, அனுப்பு!" என்ற குரல் போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

அன்றிலிருந்து அவள் மேசைப் பாட்டு மாறிவிட்டது. "கதவுக்கு ப்ளூடூத் மட்டும் போதும் சார், மத்ததெல்லாம் வேண்டாம்னு போடுங்க." இரண்டு வாரத்தில் மேனேஜர் வந்து, விருந்தினர்கள் ஏன் அனுமதி தருவதில்லை என்று தலைமை அலுவலகத்தில் குடைகிறார்கள் என்றார். "கதவு திறக்குதா இல்லையா சார்?" என்று கேட்டாள். திறக்குது என்றார். "அப்ப கதவுக்குக் குறை ஒண்ணும் இல்ல. யாருக்குக் குறைன்னு கேட்டுச் சொல்லுங்க, நான் விருந்தினர்கிட்ட அப்படியே சொல்லிக் கேக்குறேன்." மேனேஜர் அதைத் தலைமை அலுவலகத்தில் கேட்டாரா என்று தெரியாது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எழவில்லை.

ஆனால் இதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தக் கல்யாணத்தன்று சாயங்காலம் அவள் டீயை வாங்கிக்கொண்டு சலவைப் பகுதியின் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்தாள். கை தானாக வரைபடத்தைத் தேடிப் போனது. வட்டப் படம் தெரிகிற இடத்துக்கு ஒரு விரல் தூரம்தான். அவள் அதை அங்கேயே விட்டுவிட்டு, மகளுக்கு போன் போட்டாள்.

"என்னம்மா?" என்றாள் மகள். பின்னால் ஏதோ வண்டிச் சத்தம்.

"எங்கடி இருக்கே?"

"அதான் உனக்குத் தெரியுமே."

"தெரியாது" என்றாள் பூட்டு. "நீ சொல்லு."